யாவுண்டே – ங்காவுண்டேரே இரவு ரயில்: படுக்கை கிடைத்தால் மட்டும் ஏறுங்கள்

கேமரூனில் ரயில்பாதை மொத்தமே ஏறத்தாழ 1,000 கி.மீ.தான். அதில் வெளியூர்க்காரருக்கு உண்மையிலேயே பயன்படுவது கேம்ரயில் நிறுவனம் ஓட்டும் இந்த ஒரு வண்டி. தலைநகர் யாவுண்டேயில் மாலை 7 மணிவாக்கில் கிளம்பி, சுமார் 620 கி.மீ. வடக்கே அடமாவா மேட்டுநிலத்தில் இருக்கும் ங்காவுண்டேரேக்கு மறுநாள் காலையில் போய்ச் சேரவேண்டும். எதிர்த்திசையிலும் மாலையில் ஒரு வண்டி புறப்படும். அட்டவணைப்படி ஓடினாலே சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ.யைச் சுற்றித்தான் இருக்கும். தாமதமோ சகஜம். சில மணி நேரம் பிந்தினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அரை நாள் பிந்துவதும் உண்டு.

இந்தச் சேவையை எடைபோட வகுப்பை முதலில் பார்க்கவேண்டும். படுக்கைப் பெட்டியில் இரண்டு பேர் அறை, நான்கு பேர் அறை என இரு வகை. விரிப்பு, போர்வை தருவார்கள், கதவை உள்ளே தாழிடலாம். கொடுக்கிற காசுக்கு நியாயமானது இதுதான். முதல் வகுப்பில் எண்ணிட்ட இருக்கை கிடைக்கும். ஒரு ராத்திரியைத் தாங்கலாம், ஆனால் விளக்கு, பேச்சு, ஏறி இறங்குகிறவர்கள் என்று தூக்கம் வராது. இரண்டாம் வகுப்பில் மூட்டை முடிச்சு நடைபாதைவரை நிறைந்திருக்கும், கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதே பெரும்பாடு. பணம் மிச்சம் என்று அதில் ஏறுவதை விடப் பேருந்தில் போகலாம். பெர்த்துயுவா, கருவா புலாய் வழியாகத் தார்ச்சாலை இருக்கிறது.

படுக்கைகள் குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், ரம்ஜான், பக்ரீத் நாட்களில் இன்னும் மோசம். இரண்டு மூன்று நாள் முன்பே நிலையத்துக்குப் போய் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் அவசியம், டிக்கெட்டில் பெயர் எழுதுவார்கள். தனியாகப் போகிறவர் நான்கு பேர் அறையில் ஒரு படுக்கை மட்டும் எடுக்கலாம். மேல் படுக்கை கேட்டு வாங்குவது நல்லது. கீழ்ப்படுக்கையில்தான் எல்லாரும் உட்காருவார்கள், ஜன்னல் திறந்திருந்தால் நிலையங்களில் கை நீட்டிப் பொருளை எடுப்பதும் அங்கேதான்.

சாப்பாட்டு வண்டி உண்டு. அதை நம்பி இருக்க வேண்டியதில்லை. நங்கா எபோக்கோ, பேலாபோ, ங்காவுண்டால் நிலையங்களில் வியாபாரிகள் ஜன்னலோரம் வந்துவிடுவார்கள். மரவள்ளியை அரைத்து இலையில் நீளமாகச் சுற்றி அவித்த பொபொலோ, சுட்ட வாழைக்காய், மீன், பழம் எல்லாம் கிடைக்கும். ங்காவுண்டாலில் பாட்டிலில் வரும் அடமாவாத் தேனை விடாதீர்கள், மூடியை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். சில்லறையாக ஃப்ராங்க் (உள்ளூர் நாணயம்) வைத்திருங்கள். பெரிய நோட்டை நீட்டினால் மீதி வருமுன் வண்டி நகர்ந்துவிடும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு டார்ச், கழிப்பறைத் தாள், ஒரு ஸ்வெட்டர். கடைசியாகச் சொன்னதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ங்காவுண்டேரே கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, டிசம்பர், ஜனவரி விடியலில் நன்றாகக் குளிரும்.

தாமதத்துக்குக் காரணம் பாதையிலேயே இருக்கிறது. முழுக்க ஒற்றைத் தடம், மீட்டர்கேஜ், டீசல் என்ஜின். எதிர்வண்டி வந்தால் கிராசிங் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். சாட் நாட்டுக்குப் போகும் சரக்கு, எரிபொருள், வடக்கிலிருந்து இறங்கும் பருத்தி, காட்டு மரம் எல்லாம் இதே தடத்தில்தான். பேலாபோ வரையிலான பகுதி 1969-லும், அங்கிருந்து ங்காவுண்டேரே வரை 1974-லும் திறக்கப்பட்டவை. பின்னதன் வயது அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. மழைக்காலத்தில் கரை அரித்து ஜல்லி இறங்கினால் வேகக் கட்டுப்பாடு போடுவார்கள். ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டால் போதும், சுற்றிப்போக வேறு தடம் கிடையாது, தூக்கி நிறுத்தும்வரை இருபக்கமும் நிற்கவேண்டியதுதான். ஆகவே சேரும் நாளிலேயே விமானமோ முக்கிய வேலையோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்கள் எசேகா ஊர் விபத்தை மனதில் வைத்தே கேட்கிறார்கள். 2016 அக்டோபர் 21, யாவுண்டேயிலிருந்து டுவாலாவுக்குப் போன வண்டி அங்கே தடம் புரண்டது. அரசுக் கணக்கில் 79 பேர் இறந்தார்கள். அன்று மத்தோம்ப் அருகே இந்த இரு நகரங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலை அறுந்ததால் கூட்டம் ரயிலுக்குத் திரும்பியது. வழக்கமான 9 பெட்டியுடன் இன்னும் 8 சேர்த்தார்கள். பெட்டி கூடினால் எடை கூடும், நீண்ட வண்டியின் வால்வரை பிரேக் பிடிக்கவும் நேரமாகும். சேர்க்கிற பெட்டிகளின் பிரேக்கே பழுதாக இருந்தால் இறக்கத்தில் என்ஜினும் மற்றப் பெட்டிகளுமே மொத்தத்தையும் தாங்கவேண்டும். விசாரணை மிகை வேகத்தையும் பிரேக் குறைபாட்டையும்தான் சுட்டியது. அது டுவாலாப் பாதை, இது வடக்குப் பாதை என்றாலும் பாடம் இரண்டுக்கும் ஒன்றே: திடீரென்று பெட்டி கூட்டிய பண்டிகைக்கால வண்டியில் இடம் கிடைத்தது என்று குதிக்காதீர்கள், ஒரு நாள் தள்ளிப்போங்கள்.

ங்காவுண்டேரேயோடு தண்டவாளம் முடிகிறது. இன்னும் வடக்கே கருவா, மருவா நகரங்களுக்குப் போகிறவர்கள் பேருந்து பிடிக்கவேண்டும். வண்டி மாலையில் வந்து சேர்ந்தால் அன்றிரவு ஊரிலேயே தங்கிவிடுங்கள். வடக்குச் சாலைகளில் இரவு வழிப்பறி வெகுகாலத் தொல்லை. சாட் எல்லைப் பக்கம் போவதற்கு முன் அப்போதைய பாதுகாப்பு அறிவிப்பைப் பார்த்துவிடுவது கட்டாயம்.

எந்தத் திசையில் போவது என்று யோசிப்பவர்களுக்கு: வடக்கே போகும் வண்டியில் விடிகிறபோது காடு முடிந்து புல்வெளியும் மேட்டுநிலமும் வந்திருக்கும், ஜன்னல் காட்சி அதுதான் சிறந்தது. தெற்கே வரும் வண்டியில் காலையில் கிடைப்பது காடும் ம்பாஞ்சோக் கரும்புத் தோட்டங்களும். ஒருவழி மட்டும் ரயில் என்றால் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.