ஹாக்கி கோல் கீப்பர் கிட் வாங்கப் போறீங்களா? பையனையும் கூட்டிட்டுப் போங்க

எங்க ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி டீமுக்கு 22 வருஷமா நான்தான் கோல் கீப்பர். பெங்களூரு அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பசங்க சேர்ந்து ஆரம்பிச்ச டீம். எனக்கு இப்ப 46. கீழே விழுந்து எழுந்திருக்க அரை நொடி கூடுதலா ஆகுது. பெனால்டி கார்னர்ல அந்த அரை நொடி ரொம்பப் பெருசு. அதனால இந்த சீசன்லேருந்து எங்க தெருப் பையன், 17 வயசு, கோல்ல நிக்கறான். அவனுக்கு கிட் வாங்கின கடையைப் பத்திச் சொல்லணும்.

சிவாஜிநகர்ல, ரசல் மார்க்கெட்டுலேருந்து நடக்கிற தூரம். சின்னக் கடை. முதல்ல போன் பண்ணி, "கால் பேடு என்னோடதையே குடுத்துடறேன், மத்ததை மட்டும் அனுப்புங்க"ன்னேன். கடைக்காரர் ஒத்துக்கல. "பையனை அளக்காம தர மாட்டேன் சார். உங்க பேடையும் எடுத்துட்டு வாங்க."

போனோம். என் பேடைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்தார். சுவத்துல சாய்ச்சு வெச்சு ஒரு பந்தை அடிச்சார். பந்து அங்கேயே பொத்துனு விழுந்தது. புது பேடுல அதே அடி, வாசல் வரைக்கும் உருண்டது. "ஃபோம் செத்துப் போச்சு சார். நீங்க தடுத்தாலும் பந்து எதிராளி காலடியிலதான் விழும்." போன வருஷம் ரீபவுண்டுல வாங்கின கோல் எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துது. இதையா அந்தப் பையன் தலையில கட்டப் பார்த்தேன்னு மனசு கனத்துப் போச்சு.

அப்புறம் அளவு. முட்டி பேடோட மடிப்புல சரியா உட்காரணும். என்னோடது அவனுக்குத் தொடை வரைக்கும் ஏறுது, ஓடவே முடியல. அகலம் 300 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதுங்கிறது விதி. டேப் வெச்சுக் காட்டினார். கை உறையையும் 228க்கு 355 மில்லிமீட்டருக்குள்ள இருக்கான்னு அளந்துதான் குடுத்தார். கேட்காமலே இவ்வளவு செய்யற கடையை நான் பார்த்ததில்ல.

முழு செட் 27,500 ரூபாய். நம்ம நாட்டுத் தயாரிப்புதான். டீம்ல எல்லாரும் பணம் போட்டோம். இந்திய டீம் கோல் கீப்பரா இருந்த ஸ்ரீஜேஷுக்கு கிட் வாங்க அவங்க அப்பா பசுமாட்டை வித்த கதை தெரியுமில்லையா, அந்தச் செலவை ஒரு வீட்டு மேல மட்டும் ஏத்தக் கூடாது.

குறையும் உண்டு. நெஞ்சுக் கவசம் அவன் சைஸ்ல இல்ல, வர 12 நாள் ஆச்சு. அதுல வாரும் நீளம், நாங்களே தைச்சுக்கிட்டோம்.

ஸ்ரீஜேஷும் இந்திய டீமோட இன்னொரு கோல் கீப்பர் கிருஷன் பதக்கும் ஒரே ஆட்டத்துல குவார்ட்டர் (ஆட்டத்தோட கால் பாகம்) மாத்தி கோல்ல நின்னதைப் பார்த்திருக்கேன். 2024 பாரிஸ் வெண்கலத்தோட ஸ்ரீஜேஷ் விலகினப்போ, பதக் ஏற்கெனவே பழகி இருந்தார். நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். போன ஞாயிறு ரெண்டாவது குவார்ட்டர்ல அவன் காலால தடுத்த பந்து நேரா சைடு லைன் தாண்டிப் போச்சு. பெஞ்சுல இருந்த நான் எழுந்து கத்திட்டேன்.

போறவங்க விளையாடற ஷூவையே போட்டுட்டுப் போங்க, கிக்கர்ங்கிற பாதக் கவசத்தை அது மேலதான் மாட்டிப் பார்க்கணும். கார்டு வாங்க மாட்டார், யுபிஐ உண்டு. திங்கள் லீவு.