கரிப் படுகைக்கு எந்தக் கணக்கு: யூன்-நெல்சனா, எல்.டி.எஃப்.பா?

கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கரிப் படுகையை எந்த நாளில் மாற்ற வேண்டும்? கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில் இருப்பவர்களுக்கு இது பாடப்புத்தகக் கேள்வி இல்லை. நாள் தப்பினால், படுகை விட்டுவிடுவது அவர்கள் மூச்சில்தான் போகும்.

எளிய வழி யூன்-நெல்சன் சமன்பாடு (1984). வெளியே வரும் ஆவி, உள்ளே போவதில் பாதியைத் தொடும் நேரம் ஒன்று, வேக மாறிலி ஒன்று, அவ்வளவுதான். பாதி நேரம் 100 நிமிடம், மாறிலி நிமிடத்துக்கு 0.1 என்று வைத்துக்கொண்டால், 5 சதவீதக் கசிவு ஏறத்தாழ 70-வது நிமிடத்தில் வந்துவிடும். கால்குலேட்டர் போதும். ஆனால் அந்த இரண்டு எண்களும் நீங்கள் சோதித்த குழாய்க்கும், அந்தக் காற்று வேகத்துக்கும், அந்தச் செறிவுக்கும் மட்டுமே சொந்தம். நேரம் போகப் போக வெளியே வரும் ஆவி எப்படி ஏறுகிறது என்று காட்டும் வளைகோடும் இருபுறமும் ஒரே மாதிரி வளையும். நிஜப் படுகையிலோ வால் பெரும்பாலும் இழுத்துக்கொண்டே போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குளோரினையும் கரியையும் வைத்து 1920-ல் வந்த போஹார்ட்-ஆடம்ஸ் சமன்பாடு, தாமஸ் சமன்பாட்டின் வழக்கமாகப் பயன்படுத்தும் வடிவம், யூன்-நெல்சன், மூன்றும் கணக்கில் ஒரே எஸ் வளைகோடுதான். மாறிலிகளின் பெயர் மட்டும் வேறு. மூன்றையும் மோதவிட்டு வெற்றியாளரை அறிவிக்கும் ஆய்வுகளைப் பார்க்கும்போது, அந்த உழைப்பு வீணாகிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

எல்.டி.எஃப். (linear driving force, நேரியல் உந்துவிசை) மாதிரி வேறு ரகம். படுகையை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆவிக்கு வரவு செலவு பார்க்கிறது. அந்தச் செறிவில் கரி மொத்தம் பிடிக்கக்கூடியதற்கும் இதுவரை பிடித்ததற்கும் உள்ள இடைவெளிதான் பிடிக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும். இதற்கு லாங்மியர் போன்ற சமவெப்பக் கோடு, அதாவது ஒரே வெப்பநிலையில் எந்தச் செறிவுக்குக் கரி எவ்வளவு பிடிக்கும் என்ற கோடு, முன்கூட்டியே வேண்டும். அதை அளக்கவே நாள் கணக்காகும். அடுக்குகளைக் குறைத்தால், படுகையில் நகரும் ஆவியின் கூர்மையான முகப்பு கணினியில் மழுங்கிப்போய், கசிவு உண்மையைவிட முன்னதாகத் தெரியும்.

ஆனாலும் நம் ஊருக்கு இதுதான். ஆய்வகத்தில் சிலிண்டரின் காய்ந்த நைட்ரஜனில் டொலுயீன் என்ற கரைப்பானைக் கலந்து கொட்டாங்குச்சிக் கரிமேல் விடுகிறோம். கடலூர்க் காற்று அப்படியா? ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டியதும் கரியின் நுண்துளைகளில் நீர் வேகமாக நிறைய ஆரம்பித்து, டொலுயீனுக்கு இடம் குறைகிறது. எல்.டி.எஃப்.பில் நீரை இரண்டாவது ஆவியாகச் சேர்க்கலாம், யூன்-நெல்சனில் அதற்கு இடமே இல்லை. (ஹைட்ரஜன் சல்பைடு என்றால் கதை மாறும். காரம் ஏற்றிய கரிக்கு ஈரம் உதவி.)

ஒரே படுகையை வாரம்தோறும் கண்காணிக்க யூன்-நெல்சன் சரி. படுகை எத்தனை அடி ஆழம் என்று முடிவெடுக்க எல்.டி.எஃப்.பை எடுங்கள். அதையும் ஏப்ரல் வெயிலில் அளந்த ஈரப்பதத்தை வைத்து அல்ல, ஐப்பசி அடைமழையில் அளந்ததை வைத்து ஓட்டுங்கள்.