பார்வை குன்றிய முதியோருக்கான சிகிச்சையாளர் பயிற்சி: கிளினிக்கிலா, வீட்டிலா?

பார்வை குன்றிய முதியோருக்கு உதவும் சிகிச்சையாளர், எழுத்தைப் பெரிதாக்கும் லென்ஸைப் பழகக் கிளினிக் அறைதான் வசதி. 100-ஐ டயாப்டரால் (லென்ஸின் திறன் அளவு) வகுத்தால் காகிதத்திலிருந்து லென்ஸைப் பிடிக்க வேண்டிய தூரம் செ.மீ.யில் வந்துவிடும்; 20 டயாப்டருக்கு 5 செ.மீ. கை நடுங்குபவரால் அந்தத் தூரத்தில் நிலையாகப் பிடிக்க முடியாது, அவருக்குக் காகிதத்தின் மேலேயே வைக்கும் ஸ்டாண்ட் லென்ஸ்தான். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவரை ஓரப்பார்வையால் படிக்கவைக்கும் பயிற்சிக்கும் இந்த அறையின் அமைதி வேண்டும்.

ஆனால் அறையில் வெளிச்சம் எப்போதும் சீராக இருக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையின் ஒடுக்கமான வீட்டிலோ, மூடுபனி இறங்கிய ஏற்காட்டிலோ அப்படியில்லை. கிளினிக்கில் சரளமாகப் படித்த பாட்டிக்கு வீட்டில் மாத்திரை அட்டை தெரியாது. அறையில் மட்டும் பழகிய சிகிச்சையாளர் உடனே இன்னும் திறன் கூடிய லென்ஸ் தேடுவார். ஆனால் மேசை விளக்கை 60 செ.மீ.யிலிருந்து 30-க்கு நகர்த்தினாலே வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். விளக்கு நல்ல கண் இருக்கும் பக்கம், பல்பு கண்ணில் படாதபடி இருக்கட்டும். எவர்சில்வர் தட்டு கூசும், வெள்ளைத் தட்டில் சோறு மறையும், வாழையிலையில் பளிச்சென்று தெரியும் (விருந்துக்கு மட்டுமா இலை?). கருங்கல் படி விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டலாம். பட்டையின் ஓரம் பெயர்ந்தால் அதுவே காலைத் தடுக்கும்.

வீட்டுப் பயிற்சியில் பயணம் நேரத்தைத் தின்னும். கேள்விக்குப் பாட்டியை முந்தி மகன் பதில் சொல்வார். இருந்தும், லென்ஸ் கணக்கு கைவந்ததும் மிச்சப் பயிற்சியை வீட்டுக்கு மாற்றுவதே சரி.