டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் கிடைத்த கவூர் பிரபு

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள பழைய புத்தகக் கடையில், கவூர் பிரபுவின் ஆங்கில வாழ்க்கை வரலாற்றைச் சென்ற மாதம் 150 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் நின்றபடியே படித்தும், கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

1810இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்த கவூர் பிரபு, அதாவது கமில்லோ பென்சோ, 1861 மார்ச் 17 அன்று இத்தாலி ஒரே அரசாக அறிவிக்கப்பட்டபின் அதன் முதல் பிரதமரானார்; அதே ஆண்டு ஜூன் 6 அன்று மறைந்தார். பள்ளியில், இத்தாலியை ஒன்றாக்கப் பாடுபட்ட மாஜினி, கரிபால்டி பெயர்களோடு சேர்த்து மனப்பாடம் செய்த இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நெல் விவசாயி இருந்தார் என்பதை இந்த நூலே எனக்குச் சொன்னது. இராணுவப் பொறியாளர் பதவியை 1831இல் துறந்த அவர், பின்னர் லேரி என்னும் ஊரில் குடும்பப் பண்ணையை ஏற்று, புதிய உரங்களையும் எந்திரங்களையும் வயலில் இறக்கிப் பார்த்தார். அவர் மறைவுக்குப் பின், வட இத்தாலியின் ‘போ’ ஆற்றுத் தண்ணீரை நெல் வயல்களுக்குக் கொண்டுசெல்ல 1863இல் தொடங்கி 1866இல் முடித்த, ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள். மேலூர்ப் பக்கம் ஒருபோகப் பாசனத்தில், பெரியாற்றுக் கால்வாயில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று காத்திருந்து வளர்ந்த எனக்கு, அந்தப் பக்கங்கள் அயல்நாட்டுக் கதையாகத் தெரியவில்லை. எனக்கு முன் படித்த யாரோ அங்கே ஓரத்தில் பென்சிலால் "நம்ம மடை" என்று எழுதியிருந்தார். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நூலாசிரியரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் பிரான்சின் துணையைப் பெற, 1858இல் மூன்றாம் நெப்போலியனோடு கவூர் இரகசியமாகப் பேசியதை விரிவாக எழுதியவர், அந்தத் துணைக்கு ஈடாக 1860இல் சவாய், நீஸ் பகுதிகள் பிரான்சுக்குப் போனதை இரண்டே பக்கங்களில் கடந்துவிடுகிறார். நீஸ், கரிபால்டி பிறந்த ஊர்; தன் ஊரையே அயல்நாடாக்கிவிட்டாரே என்று கவூர் மீது அவருக்கு எழுந்த கோபம், நின்று எழுத வேண்டிய இடம்.

வரைபடத் தாள் கிழிக்கப்பட்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன். மறுவாரம் போய், "அண்ணே, இதுல மேப்பைக் காணோம்" என்றதும், பேச்சே இல்லாமல் 40 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வரலாற்று நூல்கள் உள்ளே இடப்பக்க அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. கூட்டம் குறைந்த பிற்பகலில் போய், தாள்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.