பருவுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை: 14 மாதம் சாப்பிட்டவளின் அனுபவம்

காலேஜ் படிக்கும்போது வராத பரு எனக்கு 29 வயதில் வந்தது. அதுவும் நெற்றியில் இல்லை, தாடையோரத்திலும் மோவாயிலும், தொட்டாலே வலிக்கிற மாதிரி தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு கிளம்பும், முடிந்ததும் அமுங்கும், கறுப்புத் தடம் மட்டும் மாசக்கணக்கில் நிற்கும். உடம்புச் சூடு என்றார் அம்மா. கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார் அத்தை, எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மருந்துக்கடையில் கேட்டதும் ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் முகம் பளிச். நிறுத்தியதும் முன்பைவிட மோசம், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது தோல் மருத்துவர் டியூபைத் திருப்பிப் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது.

பீரியட்ஸ் தள்ளிப்போகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்று கேட்டு ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். எல்லாம் நார்மல், ஆனாலும் இது ஹார்மோன் பரு என்றார். அது எப்படி? ஆண் ஹார்மோன் என்கிற ஆண்ட்ரோஜன் பெண்கள் உடம்பிலும் உண்டு, அளவு சரியாக இருந்தாலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதற்குக் கூடுதலாகத் துள்ளினால் போதுமாம்.

ராத்திரிக்குப் பருவுக்குப் பூசுகிற அடாபலீன் 0.1% ஜெல், முகம் முழுக்கச் சேர்த்தே ஒரு பட்டாணி அளவு. காலையில் ஸ்பைரோனோலாக்டோன் 50 மில்லிகிராம். அடிப்படையில் அது ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் கொடுக்கிற மாத்திரை, ஆண்ட்ரோஜனையும் தடுப்பதால் பருவுக்குத் தருகிறார்கள். இந்த மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றலாம், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், தினமும் குடிக்காதே என்றார், எனக்கு அதுதான் வருத்தம்.

மூன்றாவது வாரம் தோல் உரிந்து பரு கூடியது. ஏழாவது வாரம் கடுப்பாகி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான், ஏனென்றால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. 2023-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 410 பெண்களுக்கு இந்த மாத்திரையையோ மருந்தே இல்லாத போலி மாத்திரையையோ கொடுத்துப் பார்த்ததில், 12 வாரத்தைவிட 24 வாரத்தில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததாம். எனக்கும் ஐந்தாவது மாதம்தான் தாடையைத் தடவிப் பார்த்தால் கட்டி இல்லை.

தொந்தரவும் உண்டு. அடிக்கடி பாத்ரூம், முதல் வாரம் சட்டென எழுந்தால் தலைசுற்றல், இரண்டு மாதம் பீரியட்ஸ் நடுவில் லேசான ரத்தக்கசிவு. இப்போது மாசத்துக்கு ஒன்றிரண்டு சின்னப் பரு வருகிறது, அவ்வளவுதான். தடம் மறைய சன்ஸ்கிரீன் தவிர வேறெதுவும் போடவில்லை, மெதுவாகத்தான் மங்குகிறது.

ஒன்று மட்டும் கேளுங்கள், என் சீட்டைப் பார்த்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியையே இந்த மாத்திரை பாதிக்கலாம், கருத்தடை இல்லாமல் எடுக்கவே கூடாது. நாங்கள் அடுத்த வருஷம் குழந்தைக்குப் பார்க்கிறோம், அதற்கு முன்பே மாத்திரை, ஜெல் இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார், கர்ப்ப காலத்திலும் போடலாம் என்று அசெலாயிக் அமிலக் கிரீம் எழுதியிருக்கிறார். வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாயிற்று, பரு திரும்புமோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது.