கெந்திங் மலையில் சூதாடாத குடும்பத்துக்கு எது: கேபிள் கார் வழிக் கோயிலா, தீம் பார்க்கா?

இலங்கையிலிருந்து மலேசியாவுக்குப் போகும் மலையகக் குடும்பங்கள் பெரும்பாலும் கோலாலம்பூரில் தங்கி, ஒரு நாளைப் பக்கத்தில் உள்ள கெந்திங் மலைவாசத்தலத்துக்கு ஒதுக்குகின்றன. மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே கசினோ அங்கேதான். 21 வயது நிரம்பாதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அதற்குள் அனுமதி இல்லை. எங்கள் கூட்டத்தில் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தார்கள், சூதாடும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அப்படியானால் அந்த ஒரு நாளை எதற்குக் கொடுப்பது?

போட்டியில் இருப்பவை மூன்று. திறந்தவெளித் தீம் பார்க்கான ஸ்கைவேர்ல்ட்ஸ், கூரைக்குக் கீழே உள்ள ஸ்கைட்ரோபொலிஸ், அப்புறம் அவானா கேபிள் காரும் அதன் வழியில் உள்ள சின் சுவி குகைக் கோயிலும். நாங்கள் மூன்றாவதைத் தெரிவு செய்தோம். திரும்பப் போனாலும் அதையேதான் செய்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராபெரித் தோட்டம் இருக்கிறது. நுவரெலியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. மலேசியாவின் இன்னொரு மலைவாசத்தலமான கேமரன் மலையின் தேயிலைக்கும் இதே பதில்தான். 7,351 அறைகள் கொண்ட ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்தால் போதும். கேபிள் கார் அடிவாரத்தில் கடைத்தொகுதி உண்டு, பணம் இருப்பவர்கள் போகலாம்.

என் முடிவுக்குக் காரணம் மழையும் பனிமூட்டமும்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கெந்திங் உச்சியும் ஏறக்குறைய 1,800 மீற்றர். ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து முகிலாகும் என்பதை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் பளிச்சென்று தெரியும் மலை, பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் மூடிக்கொள்ளும். மாலையில் இடியோடு மழை வரும். அங்கேயும் அப்படித்தான். மலேசியாவென்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது ஸ்கைவேர்ல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 2022 பெப்ரவரியில் திறந்த இடம், 26 ஏக்கர், 9 பகுதிகள். இந்த அளவில் ஒன்று நம் நாட்டில் இல்லை. ஆனால் ஆளுக்கு நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து முழு நாளுக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு அதை இலங்கை ரூபாயில் பெருக்கிப் பாருங்கள். இடி மின்னல் வந்தால் வெளியில் உள்ள விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆக, முழு நாளுக்கும் கொடுத்த காசில் அரை நாளை மலை எடுத்துக்கொள்ளலாம். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கப் பெரியவர்களால் முடியாது. பிள்ளைகளும் குளிரில் சிணுங்கத் தொடங்கினால் அந்த நாளே கெட்டுவிடும்.

கேபிள் காரில் இந்தப் பயம் குறைவு. அவானா நிலையத்திலிருந்து உச்சி வரை 2.8 கிலோமீற்றர், பத்து நிமிடப் பயணம், கீழே அடர்ந்த காடு. தீம் பார்க் டிக்கெட்டில் ஒரு சிறு பங்குதான் செலவு. வழியில் சின் சுவி நிலையத்தில் இறங்கிக் கோயிலைப் பார்த்துவிட்டு, அதே டிக்கெட்டில் மறுபடி ஏறலாம். கோயிலுக்குள் போகக் கட்டணம் இல்லை.

கோயில் இருப்பது ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில், அதாவது உச்சியைவிட 400 மீற்றர் கீழே. இந்த வித்தியாசம் முக்கியம். நாங்கள் போன அன்று உச்சியில் பக்கத்துக் கட்டடம்கூடத் தெரியாத அளவுக்கு மூட்டம். கோயில் முற்றத்திலோ முகில் தலைக்கு மேலே நின்றது, கீழே பள்ளத்தாக்கு நன்றாகவே தெரிந்தது. எல்லா நாளும் இப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் முகில் இறங்கி வந்து கோயிலை மூடினாலும் அங்கே நட்டமாக ஒன்றும் இல்லை. ஒன்பது அடுக்குப் பகோடா மூட்டத்துக்குள் பாதி மறைந்து தெரிவதும் பார்க்க அழகுதான்.

கோயிலின் கதையும் நம் ஆட்களுக்குப் பிடிக்கும். கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த கட்டட ஒப்பந்தக்காரர். கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை செய்தபோது அந்தக் குளிர்ச்சியில் மனம் போய், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மலைவாசத்தலம் வேண்டும் என்று நினைத்தார். 1965இல் காட்டை வெட்டிப் பாதை போடத் தொடங்கினார். கசினோவுக்கு அனுமதி கிடைத்தது 1969இல். தன் சொந்த ஊர்ப் பக்கத்தில் கும்பிடும் துறவியான சின் சுவிக்கு இந்த மலையில் கோயில் கட்ட நிலமும் கொடுத்தார். சொங் வம்சக் காலத்தில் வாழ்ந்த அந்தத் துறவி, வறட்சியில் வேண்டி மழை வரவழைத்தவர் என்று மக்கள் நம்பித் தெய்வமாக்கியிருக்கிறார்கள். மழைக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக் கும்பிட்ட ஊர்க்காரர்கள் வழியில் வந்த நமக்கு இது அந்நியமாகப் படவில்லை.

1976இல் தொடங்கிய கட்டட வேலை முடிய 18 வருடங்கள் ஆயின. செங்குத்துச் சரிவில் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்த முடியாததால் அத்திவாரக் குழிகளைக் கையாலேயே தோண்டியிருக்கிறார்கள். என் மாமியார் தோட்டத்தில் வேலை செய்தவர். இதைச் சொன்னதும் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கான் வெட்டுன கைக்குத்தான் இது தெரியும்" என்றார். கான் என்பது தோட்டச் சரிவில் வெட்டும் வடிகால். ஆயிரக்கணக்கான அறைகளும் விளக்குகளும் உள்ள அந்த மலையில், மனித உழைப்பு கண்ணுக்குத் தெரிந்த இடம் எனக்கு அது ஒன்றுதான்.

கோயிலில் குறைகள் இல்லாமல் இல்லை. படிகள் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் முற்றத்தோடு நின்றுகொள்வது நல்லது. நரகத்தின் பத்து அறைகளைச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். எமலோகத் தண்டனைக் கதைகள் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் ரசிப்பார்கள், சின்னப் பிள்ளைகள் பயந்துபோவார்கள். மின்னல் அதிகமானால் கேபிள் காரையும் நிறுத்துவார்கள். அப்போது வாகனத்தில்தான் போக வேண்டும். கோயிலுக்குப் பாதை இருப்பதால் சிக்கிக்கொள்ளும் பயம் இல்லை.

ஸ்கைட்ரோபொலிஸ் மழைக்குப் பயப்படத் தேவையில்லாத இடம். பிள்ளைகள் சில விளையாட்டுகளில் ஏறினார்கள், சந்தோஷப்பட்டார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் இல்லை. ஆனாலும் கூரைக்குக் கீழே ரோலர் கோஸ்டர் வேண்டுமென்றால் கோலாலம்பூர் நகரத்திலேயே பெர்ஜயா டைம்ஸ் ஸ்குவேரில் இருக்கிறது. அதற்காக மலை ஏற வேண்டுமா என்று யோசிக்கலாம்.

ஸ்கைவேர்ல்ட்ஸுக்குள் நாங்கள் போகவில்லை. போய்வந்த உறவுக்காரப் பிள்ளைகள் புகழ்ந்துதான் சொன்னார்கள், வரிசை நீளம் என்பது மட்டும் அவர்களின் குறை. ஆகவே பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் என் தீர்ப்பு மாறலாம். அப்படிப்பட்டவர்கள் மலையிலேயே ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் காலை வானத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குவது நல்லது. அதுவும் வார நாளாக இருக்கட்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்புபவர்கள் காலையிலேயே கேபிள் கார் ஏறிவிடுங்கள். உச்சியை மூட்டம் பிடிப்பதற்குள் முதலில் அதைப் பார்த்துவிட்டு, இறங்கும் வழியில் கோயிலுக்கு நேரம் கொடுங்கள். சைவச் சாப்பாடு அங்கேயே கிடைக்கும். இரண்டு மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிட்டால் திரும்பும் வழியில் பத்துமலை முருகனையும் பார்க்கலாம். 272 படிகள் ஏற முடியாதவர்கள் கீழே நின்றே 42.7 மீற்றர் உயரச் சிலையைக் கும்பிட்டுக்கொள்ளலாம்.