ஐந்து ஆண்டு, 96,000 கிலோமீட்டர்: டர்போ காரில் ஏர் ஆயில் செபரேட்டர்

இன்ஜின் விடும் புகையிலிருந்து ஆயிலைப் பிரித்தெடுக்கும் டப்பாதான் ஏர் ஆயில் செபரேட்டர். ஐந்து ஆண்டாக என் காரில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டொங்காட்டில் எங்கள் வீடு. மாமியார் வீடு ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில். மாதம் ஒரு முறையாவது குடும்பத்தோடு போய்வருவோம், போகவர 1,200 கிலோமீட்டருக்கு மேல். இந்த வழியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், என்-3 நெடுஞ்சாலை இன்ஜினைச் சும்மா விடாது. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜொகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில். பீட்டர்மாரிட்ஸ்பர்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம், அப்புறம் வான் ரீனன் கணவாய். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, இடம் கிடைத்ததும் முழு வேகத்தில் முந்தி, மறுபடியும் ஊர்வதே வழக்கம். மேலே போகப்போகக் காற்றும் மெலிகிறது. ஜொகன்னஸ்பர்கில் காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். அதே சக்தியைக் கொடுக்க, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ அங்கே இன்னும் கடுமையாகச் சுழல வேண்டும்.

என்னுடையது இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. 2016-ல் பழைய காராக வாங்கினேன். இரண்டு ஆண்டு கழித்து, 68,000 கிலோமீட்டரில், ஏற்றத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம் நடுங்கியது. சாட்ஸ்வொர்த்தில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணாவிடம் கொண்டுபோனேன். அவர், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றிச் சாய்த்தார். கறுப்பு ஆயில் தரையில் ஒழுகியது, நான்கு கரண்டி இருக்கும். டர்போ போய்விட்டது என்றே நினைத்தேன்.

“டர்போ நல்லாத்தான் இருக்கு தம்பி. இன்ஜின் மூச்சு விடுது. அந்த மூச்சோட ஆயிலும் வருது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரம் ஆனது. பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் கசியும். ப்ளோ-பை என்று சொல்வது இதைத்தான். அங்கே சுழலும் கிராங்க் ஆயிலைப் பனிபோலத் தெளித்துக்கொண்டிருக்கிறது. வாயு, ஆயில் துளி, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் கலந்த புகை அது. அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறி சீல்கள் கசியும், வெளியே விட்டால் ஊர்க்காற்று கெடும். அதனால் 1960-களில் இருந்தே பிசிவி என்ற ஒருவழி வால்வு வழியாக அந்தப் புகையை இன்ஜினே திரும்ப உறிஞ்சி எரிக்கும்படி செய்துவிட்டார்கள்.

டர்போ இல்லாத காரில் இது பெரிய சிக்கல் இல்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் பெரும்பாலும் உறிஞ்சல்தான் இருக்கும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளி பூஸ்ட் கொடுக்கும்போது அதே மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடுகிறது, பிசிவி வால்வு மூடிக்கொள்கிறது. ப்ளோ-பை மிக அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். புகை வேறு ஹோஸ் வழியாக டர்போவின் வாய்க்குப் போகிறது. அங்கிருந்து கம்ப்ரஸர், இன்டர்கூலர், கடைசியில் இன்டேக் வால்வு. இன்டர்கூலரின் உட்சுவரில் ஆயில் படிந்தால் அது காற்றைக் குளிர்விக்கும் வேலையைச் சரியாகச் செய்யாது. பழைய வகை இன்ஜின்களில் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவிக்கொண்டே இருக்கும். என் கார் மாதிரி நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜினில் அந்தக் கழுவல் கிடையாது. ஆயில் வந்து ஒட்டும், சூட்டில் கருகும், மேலே இன்னொரு அடுக்கு ஒட்டும்.

மேனிஃபோல்டைக் கழற்றி அண்ணா காட்டினார். வால்வின் தண்டு தெரியாத அளவுக்குக் கரி. உடைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்தார். ஒரு முழு நாள் வேலை. கார் புதிதாய்ப் பிறந்ததுபோல ஓடியது. ஆனால் காரணம் அப்படியே இருக்கும்போது இன்னொரு 60,000 கிலோமீட்டரில் இதே இடத்துக்கு வந்து நிற்பேன் என்பதும் தெரிந்தது.

முதலில் போட்டது கேட்ச் கேன். அந்தப் புகையின் வழியில் ஒரு சிறிய டப்பா, உள்ளே சல்லடை. ஆயில் அதில் தங்கும், நாம் அவ்வப்போது திறந்து கொட்ட வேண்டும். டர்பனில் இருந்தவரை நன்றாகவே வேலை செய்தது. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை திறந்தால் கால் தம்ளர் ஆயில்.

2019 குளிர்காலத்தில் வேலைக்காக இரண்டு மாதம் லெனேசியாவில் தங்கினேன். ஜூன், ஜூலை. தினம் ஐந்து கிலோமீட்டர் போய் வருவேன், இன்ஜின் சூடாவதற்குள் வந்துசேர்ந்துவிடும். இரண்டாவது வாரம் டப்பாவைத் திறந்தேன், மோரும் ஆயிலும் கலந்ததுபோல வெள்ளையாக நிறைந்திருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் ப்ளோ-பையோடு கீழே கசியும் சிறு பங்கு, குளிர்ந்த டப்பாவைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. அந்த ஊரில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் நாள்கள் உண்டு. டப்பாவிலோ ஹோஸிலோ அது உறைந்து அடைத்துக்கொண்டால், கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி எந்த சீல் முதலில் விடும் என்று சொல்ல முடியாது. வாரம் ஒரு முறை விடியற்காலையில் பானெட்டைத் திறந்து கொட்டினேன். கொட்டியதைச் சாக்கடையில் விடவும் கூடாது, பழைய ஆயில் கேனில் சேர்த்து வைத்தேன்.

டர்பன் திரும்பியதும், 2019 செப்டம்பரில், ஏர் ஆயில் செபரேட்டருக்கு மாறினேன். அப்போது மீட்டரில் 90,000.

பார்வைக்கு இதுவும் ஒரு டப்பாதான். வேறுபாடு இரண்டு. ஒன்று, பிரிந்த ஆயில் தங்காமல் அடியில் உள்ள குழாய் வழியாக இன்ஜினுக்கே திரும்பிப் போகிறது. இரண்டாவது எனக்கு முக்கியமானது: டப்பாவின் சுவரைச் சுற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுகிறது. இன்ஜின் சூடானால் டப்பாவும் சூடாகும். நீராவி உள்ளே தண்ணீராகாமல் ஆவியாகவே போய் எரிந்துவிடும், ஆயில் மட்டும் கீழே சொட்டும். பிரிக்கும் முறையில் மாயம் ஒன்றும் இல்லை. புகையைத் திருப்பித் திருப்பி விட்டால் கனமான துளிகள் திரும்ப முடியாமல் சுவரில் மோதி ஒன்றுசேர்ந்து வடிகின்றன. மிக நுண்ணிய துளிகள் தப்பித்துப் போகத்தான் செய்யும். நூற்றுக்கு நூறு பிரிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பொருத்த அண்ணாவுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அதற்கு முன், ரிங்குகள் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்டும் லீக் டெஸ்டும் செய்தே தீருவேன் என்றார், நானும் சரி என்றேன். ரிங் தேய்ந்த இன்ஜினில் இதைப் போடுவது நோயை மூடி மறைப்பதாகிவிடும்.

இந்த ஜனவரியில் 1,86,000 ஆனபோது மேனிஃபோல்டை மறுபடியும் கழற்றிப் பார்த்தோம். இடையில் 96,000 கிலோமீட்டர். வால்வுகளில் படிவு இருக்கிறது, ஆனால் மெல்லிய பழுப்புப் பூச்சு மாதிரி, தண்டின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. கேட்ச் கேனுக்கு முன்னால் 68,000-ல் பார்த்ததோடு ஒப்பிடவே முடியாது. இன்டர்கூலர் ஹோஸைச் சாய்த்தோம், ஒன்றும் ஒழுகவில்லை. விரலால் துடைத்தால் லேசான ஈரம், அவ்வளவுதான். முன்பு 5,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் ஊற்றுவேன், இப்போது 200 மில்லி.

சக்தி கூடியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடவில்லை. இருந்ததை இழக்காமல் இருக்கிறது. ஆயில் ஆவி பெட்ரோலோடு கலந்தால் கலவையின் ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், குறைந்து நாக்கிங் என்ற தட்டும் வெடிப்பு வரும், உடனே கம்ப்யூட்டர் பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும், சக்தி குறையும். வான் ரீனன் ஏற்றத்தில் நான் உணர்ந்த தயக்கத்தில் இதற்கும் பங்கு உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. சிறிய டர்போ இன்ஜின்களில் குறைந்த சுழற்சியில் மிதியை அழுத்தும்போது, சிலிண்டருக்குள் வந்த ஆயில் துளியே நேரத்துக்கு முன்னால் தீப்பற்றவைத்து பிஸ்டனை உடைத்துவிடலாம். இதற்காகவே 2018-ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று ஆயில் தரங்கள் வந்தன. நான் எஸ்பி தர ஆயில்தான் ஊற்றுகிறேன். ஜொகன்னஸ்பர்க் மாதிரி உயரமான உள்நாட்டுப் பக்கம் 93 ஆக்டேன் பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும். அந்த உயரத்தில் டர்போ இல்லாத கார்களுக்கு அது போதும். டர்போ காரில் 95 போடுங்கள், மெலிந்த காற்றால் நாக்கிங் குறையும் சலுகையை, காற்றை அழுத்தும் டர்போ தின்றுவிடுகிறது.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும். கூலன்ட் ஹோஸ் இரண்டு கூடியதால் கசியும் இடமும் கூடியது. 2022-ல் ஒரு கிளிப் தளர்ந்து ஹாரிஸ்மித் பக்கத்தில் கூலன்ட் சொட்டியது, குழந்தைகளோடு இரண்டு மணி நேரம் பெட்ரோல் பங்கில் காத்திருந்தோம். கிளிப்புகளை மாற்றினேன், இப்போது ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்னும் தொட்டுப் பார்க்கிறேன். அப்புறம், ஆயிலோடு கொஞ்சம் பெட்ரோலும் திரும்பிப் போகத்தான் செய்யும். அதனால் 15,000-க்குப் பதில் 7,500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றுகிறேன். இது கூடுதல் செலவு, கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டியில் இருக்கும் காருக்கு முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எல்லோருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். கோல்ஃப் ஜிடிஐ மாதிரி பல ஐரோப்பிய கார்களில் பிரிப்பான் இன்ஜினோடு சேர்ந்தே வருகிறது. அதில் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்தால் விசில் சத்தமும் நடுக்கமும் வரும், அதை மாற்றினாலே போதும். சுபாருவில் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால், நீண்ட வளைவில் வேகமாகப் போனால் ஆயில் ஒரு பக்க ஹெட்டில் தேங்கி மூச்சுக் குழாய் வழியாக வெளியேறும். டிராக்கில் ஓட்டும் சுபாருக்காரர்கள் இதைத் தேடிப் போடுவது அதனால்தான். டர்பனுக்குள் மட்டும் ஓட்டி, கேனைத் தவறாமல் கொட்டும் பொறுமையும் உள்ளவருக்குக் கேட்ச் கேன் பாதி விலையில் போதும். மலையும் குளிரும் மாறி மாறி வரும் எங்கள் பயணத்துக்குச் சூடேறும் செபரேட்டர்தான் சரியாக இருந்தது.

வாங்கும்போது உள்ளே தடுப்புத் தட்டுகள் இருக்கிறதா, கூலன்ட் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் டப்பாவுக்கு இரண்டு குழாய் ஒட்டி அதே பெயரில் விற்கிறார்கள். திரும்பும் குழாய் வழியெல்லாம் கீழ்நோக்கியே இறங்க வேண்டும், நடுவில் ஒரு தொய்வு இருந்தாலும் ஆயில் அங்கே தேங்கும். என் காரில் முதல் மாதம் அப்படி ஒரு தொய்வு இருந்தது. அண்ணா ஹோஸை நான்கு சென்டிமீட்டர் வெட்டிக் குறைத்தார், அதற்குப் பிறகு அதைத் தொடவேண்டி வரவில்லை.